ஸ்கேன் எடுத்தா ஆட்டிசம் தெரிஞ்சிடுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, எம்ஆர்ஐ படத்த கம்ப்யூட்டர்கிட்ட குடுத்து ஆட்டிசம் இருக்கான்னு கேக்கற ஆராய்ச்சி பத்து வருஷத்துக்கு மேல நடக்குதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் மெயிலும் வேற எதுக்கும் இதுவரைக்கும் வந்ததில்ல, அதனால இந்த தடவ சினிமா, அரசியல், "காதலிக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்" கேள்விக்காரங்க எல்லாரும் பொறுத்துக்கணும், முழுக்க இதுதான். நிறைய பேர் பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க, அதனால ஊர் மட்டும்.

திருச்சியில இருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு மூணு வயசு. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டான், எது வேணும்னாலும் என் கைய புடிச்சு இழுத்துட்டு போய்தான் காட்டுவான். டாக்டர் ஆட்டிசம் அறிகுறி இருக்கு, தெரபி ஆரம்பிங்கன்னார். வீட்டுல கேக்காம எம்ஆர்ஐ எடுத்தாங்க, நார்மல்னு வந்துடுச்சு. "மெஷினே ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சு, இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்"னு அத்தை தெரபிய நிறுத்த சொல்றாங்க. இன்னொரு பக்கம் ஸ்கேன்ல 97 சதவீதம் கரெக்டா ஆட்டிசம் கண்டுபுடிக்கலாம்னு வாட்ஸ்அப்ல வருது. எதை சார் நம்பறது?

தெரபிய மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட் எழுதறவர் தேடறது வேற. கட்டி இருக்கா, ரத்தக்கசிவு இருக்கா, பிரசவத்துல ஆக்சிஜன் குறைஞ்ச அடையாளம் இருக்கா, நீர் கோத்திருக்கா, ஏதாவது பாகம் சரியா உருவாகாம போயிருக்கா, இதெல்லாம் பாப்பாங்க, எதுவும் இல்லன்னா நார்மல்னு எழுதி கையெழுத்து போட்டுடுவாங்க. ஆட்டிசம் இருக்கற பெரும்பாலான குழந்தைங்களுக்கு இந்த ரிப்போர்ட் நார்மல்னுதான் வரும். அதனால அந்த பேப்பர் உங்க அத்தை பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல, அது வேற கேள்விக்கான பதில். வலிப்பு வருது, தலை அளவு ரொம்ப பெருசாவோ சின்னதாவோ இருக்கு, ஒரு பக்க கை கால் மட்டும் பலவீனமா இருக்கு, வந்த பேச்சும் நடையும் திடீர்னு போயிடுச்சு, இந்த மாதிரி ஏதாவது இருந்தாதான் நியூராலஜிஸ்ட் ஸ்கேன் கேப்பார்.

இப்ப அந்த 97. அது ஃபார்வர்டு பண்றவங்க சும்மா அடிச்சு விட்டது இல்ல, நிஜமாவே ஒரு ஆராய்ச்சியில வந்த நம்பர். அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டிக்காரங்க 2014ல வெளியிட்டது. ஆட்டிசம் இருக்கறவங்க 17 பேர், இல்லாதவங்க 17 பேர், எல்லாருமே பெரியவங்க, நல்லா பேசறவங்க. ஸ்கேனருக்குள்ள படுக்க வெச்சு கட்டிப்புடிக்கறது, அவமானப்படுத்தறது, பாராட்டறது மாதிரி மனுஷங்களுக்குள்ள நடக்கற விஷயங்கள ஒவ்வொண்ணா மனசுல நினைக்க சொல்லி, அப்ப மூளையில எந்தெந்த இடம் வேலை செய்யுதுன்னு பாத்தாங்க. மொத்தம் 34 பேர், அதுல 33 பேர கம்ப்யூட்டர் சரியா பிரிச்சது, 33ஐ 34ஆல வகுத்து பாருங்க, 97. இன்னும் ஒருத்தர் மாறியிருந்தா 94, ரெண்டு பேர் மாறியிருந்தா 91. இத போயி "கட்டிப்புடிக்கறத நினைச்சுக்கோ"ன்னு சொன்னா கேக்காத மூணு வயசு புள்ளைக்கு எப்படி பொருத்தறது? ஆராய்ச்சிய தப்பு சொல்லல, அது கேட்ட கேள்விக்கு அது நல்ல பதில், உங்க வீட்டுக் கேள்வி அது இல்ல.

உங்க பையன் விஷயத்துல முடிவு சொல்ல வேண்டியது குழந்தைய உக்கார வெச்சு, விளையாட விட்டு, பேர் கூப்பிட்டு பாக்கற டெவலப்மென்டல் டாக்டரும் சைக்காலஜிஸ்டும்தான். நம்ம நாட்டுல ஆட்டிசம் சர்ட்டிஃபிகேட்டுக்கு பயன்படுத்தற ஐஎஸ்ஏஏங்கற இந்திய அளவுகோல் கூட 40 விஷயங்கள நேர்ல பாத்தும் அம்மா அப்பாகிட்ட கேட்டும் மார்க் போடறதுதான், அதுல ஸ்கேனுக்குன்னு ஒரு கட்டம் கூட கிடையாது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில டிஇஐசின்னு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், கோவளம் பக்கம் முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிப்மெட்ங்கற மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு. அத்தையையும் ஒரு தடவ தெரபிக்கு கூட்டிட்டு போங்க, அவங்க முன்னாடியே பையன் ஏதாவது ஒண்ணு புதுசா பண்ணிட்டான்னா அந்த ரிப்போர்ட்ட அவங்களே மறந்துடுவாங்க.

கோவையில இருந்து ஃபைனல் இயர் மாணவர்: ஏபைட் டேட்டாசெட் வெச்சு சிஎன்என் மாடல் பண்ணேன் சார், அக்யூரசி 98.6 வந்துச்சு. கைடு உடனே பேப்பர் போடலாம்ங்கறார். ஆனா பெரிய பெரிய யுனிவர்சிட்டியே 70ல நிக்குது. நான் நிஜமாவே அவங்கள தாண்டிட்டேனா?

இல்ல தம்பி. இந்த சந்தேகம் உனக்கு வந்துச்சு பாரு, அதுதான் 98.6ஐ விட பெரிய ரிசல்ட்.

படிக்கற மத்தவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். சிஎன்என்ங்கறது படங்கள பாத்து கத்துக்கற ஒரு வகை ஏஐ. ஏபைட்ங்கறது 2012ல உலகத்துக்கே இலவசமா திறந்து விட்ட மூளை ஸ்கேன் தொகுப்பு. 17 சென்டர்ல ஏற்கனவே எடுத்து வெச்சிருந்த 1112 பேரோட ஸ்கேன், அதுல 539 பேருக்கு ஆட்டிசம், 573 பேருக்கு இல்ல. 2016ல ரெண்டாவது தொகுப்பு வந்துச்சு, இன்னும் 1100 சொச்சம் பேர். முதல் தொகுப்புல இருக்கற சென்டர் எல்லாமே அமெரிக்கா, ஐரோப்பா. வயசு 7ல ஆரம்பிச்சு 64 வரைக்கும், பெரும்பாலும் பசங்க, பொண்ணுங்க கம்மி. திருச்சி அம்மாவோட மூணு வயசு பையன் மாதிரி ஒரு ஆள் அந்த முதல் தொகுப்புல தேடினாலும் கிடைக்க மாட்டான்.

சரி, இதுல மாடல் என்ன பாக்குது? ஸ்கேனர்குள்ள சும்மா படுத்திருக்கும்போது ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவங்கற மாதிரி மூளை முழுக்க படம் எடுத்துட்டே இருப்பாங்க. மூளைய 200 பகுதியா பிரிச்சு, எந்த ரெண்டு பகுதி சேந்து ஏறி இறங்குதுன்னு கணக்கு போடுவாங்க. 200 பகுதிக்கு எத்தனை ஜோடி? 19,900. ஆக ஆள் ஆயிரம், ஒவ்வொருத்தரப் பத்தியும் நம்பர் இருபதாயிரம். இவ்வளவு நம்பர் இருந்தா சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஜோடி தற்செயலா ரெண்டு கூட்டத்தையும் அழகா பிரிச்சு காட்டும், மெஷின் அத புடிச்சுக்கிட்டு தொங்கும், புது ஆள் வந்தா வழுக்கி விழும். பிரேசில்ல இருந்து ஒரு குழு 2018ல இதே தொகுப்புல 1035 பேர வெச்சு டீப் லேர்னிங்ங்கற ஏஐ முறையில பண்ணி 70 சதவீதம்னு போட்டாங்க, பேசாம எல்லாருக்கும் "ஆட்டிசம் இல்ல"ன்னு கண்ண மூடிட்டு சொன்னாலே 51 வந்துடும்ங்கறத ஞாபகம் வெச்சுக்கிட்டு அந்த 70ஐ பாரு.

உன் 98.6 எங்கருந்து வந்திருக்கும்னு என் யூகம். எம்ஆர்ஐய ஸ்லைஸ் ஸ்லைஸா வெட்டி, ஒவ்வொரு ஸ்லைசையும் தனி போட்டோவா ஃபோல்டர்ல போட்டு, மொத்தத்தையும் ஷஃபிள் பண்ணி, மாடல் கத்துக்க 80 (ட்ரெயினிங்), அத சோதிக்க 20 (டெஸ்ட்)னு பிரிச்சிருப்ப. ஒரே ஆளோட 60ஆவது ஸ்லைஸ் ட்ரெயினிங்ல, 61ஆவது ஸ்லைஸ் டெஸ்ட்ல. மாடல் அந்த ஆள அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு பழைய விடைய ஒப்பிக்குது, கேள்வித்தாள் அவுட் ஆன பரீட்சையில சென்டம் வாங்கற மாதிரி. ஆள் வாரியா பிரிச்சு திரும்ப ஓட்டு. அப்படியும் உயரமா இருந்தா அடுத்து இத பாரு: மூளைப் பகுதி ஜோடிகள வெச்சு பண்ணா, முக்கியமான 500 ஜோடிய தேர்ந்தெடுத்தது பிரிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா? மொத்த டேட்டாவையும் பாத்து செலக்ட் பண்ணிட்டு அப்புறம் பிரிச்சா அதுவும் அவுட்தான், ஆனா இது வெளிய தெரியாது, ரிவ்யூ பண்றவங்க கண்ணுலயும் பல சமயம் தப்பிச்சுடும். கடைசியா ஒரு சென்டர முழுசா ஒதுக்கி வெச்சிட்டு மத்த 16ல கத்துக்கொடுத்து இதுல டெஸ்ட் பண்ணு. ஒவ்வொரு சென்டர்லயும் மெஷின் வேற, படம் எடுக்கற வேகம் வேற, ஒரு இடத்துல கண்ண திறந்து படுக்க சொன்னாங்க, இன்னொரு இடத்துல மூட சொன்னாங்க. மெஷின் ரொம்ப சோம்பேறி, மூளைய கத்துக்கறதுக்கு பதிலா "இது எந்த ஸ்கேனர்"ங்கறத கத்துக்கிட்டு போயிடும்.

இந்த சோம்பேறித்தனத்துக்கு கொரியாவுல இருந்து ஒரு உதாரணம் இருக்கு, அது மூளை இல்ல, கண்ணோட விழித்திரை போட்டோ. 2023 கடைசியில ஆட்டிசம் 479 பேர், இல்லாதவங்க 479 பேர் போட்டோ வெச்சு கிட்டத்தட்ட நூத்துக்கு நூறுன்னு வந்து உலகம் பூரா நியூஸ் ஆச்சு. உள்ள போய் படிச்சா, ஆட்டிசம் குழந்தைங்களுக்குன்னு தனி ரூம் போட்டு புதுசா எடுத்த போட்டோ ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருந்து எடுத்த பழைய போட்டோ இன்னொரு பக்கம். மெஷின் கண்டுபுடிச்சது ஆட்டிசத்தையா ரூமையான்னு கேக்கத்தான் செய்வாங்க?

பேப்பர் போடு தம்பி, 98.6 எப்படி கீழ இறங்குச்சுன்னு போடு. கைடு கோச்சுக்கலாம், ஆனா வைவாவுல யார் என்ன கேட்டாலும் நிப்ப.

தஞ்சாவூர் வாசகி: என் பொண்ணு போட்டோ எடுக்கவே ஒரு நிமிஷம் நிக்க மாட்டா. இந்த மாதிரி குழந்தைங்கள எப்படிங்க ஸ்கேன் பண்றாங்க?

இது வேடிக்கையா கேட்ட மாதிரி இருக்கு, ஆனா ஒரு காலத்துல மொத்த துறையையே ஆட்டி வெச்ச கேள்வி. 2012ல மூணு வேற வேற குழு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஒரு விஷயத்த காட்டினாங்க, ஸ்கேனுக்குள்ள தலை ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, அதுக்கும் கீழ அசைஞ்சா போதும், மூளையில தூரமா இருக்கற பகுதிகளுக்குள்ள தொடர்பு கம்மியாவும் பக்கத்துல இருக்கற பகுதிகளுக்குள்ள தொடர்பு அதிகமாவும் பொய்யா தெரியும்னு. அதுக்கு முன்னாடி என்ன சொல்லிட்டு இருந்தாங்க தெரியுமா, ஆட்டிசம் மூளையில தூர தொடர்பு கம்மி, கிட்ட தொடர்பு அதிகம்னு! ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கற குறைபாடு) இருக்கற குழந்தைங்க ஸ்கேனர்ல கொஞ்சம் கூடுதலா நெளிவாங்க, அப்ப பாத்தது மூளையவா நெளிவையான்னு பழைய ரிசல்ட் பலதையும் திரும்ப போட்டு பாக்க வேண்டியதாச்சு. எல்லாமே பொய்னு ஆகல, ஆனா நிறைய கரைஞ்சு போச்சு.

இப்பல்லாம் நிஜ ஸ்கேனர் மாதிரியே ஒரு டம்மி டப்பா செஞ்சு, அந்த டமடம சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டு குழந்தைங்கள பழக்கறாங்க, உள்ள கார்ட்டூன் ஓட விடறாங்க, கைக்குழந்தைன்னா ராத்திரி பால் குடிச்சு தானா தூங்கினதும் காதுல பஞ்சு வெச்சு மெதுவா உள்ள தள்ளுவாங்க. முழிச்சுடுச்சுன்னா அன்னிக்கு வேலை அவ்வளவுதான், இன்னொரு நாள் வரணும்.

விருதுநகர்ல இருந்து ஒரு டீச்சர்: என் வகுப்புல ஒரு பையன் ஒரு இடத்துல உக்காரவே மாட்டான். ஏடிஹெச்டியா இருக்குமோன்னு அவங்க அப்பாகிட்ட சொன்னா, "ஸ்கேன் எடுத்து நிரூபிங்க, அப்ப நம்பறேன்"ங்கறார். அப்படி ஏதாவது ஸ்கேன் இருக்கா?

இல்லங்க டீச்சர். இருக்கான்னு உலக லெவல்ல ஒரு போட்டியே வெச்சு பாத்தாங்க, அந்த கதைய அவர்கிட்ட சொல்லுங்க.

2011ல ஏடிஹெச்டி-200ன்னு ஒரு போட்டி. எட்டு சென்டர்ல இருந்து 776 பேரோட ஸ்கேன், கூடவே வயசு, ஆணா பெண்ணா, இடது கையா வலது கையா, ஐக்யூ எவ்வளவுங்கற சாதாரண விவரம் எல்லாம் குடுத்து, விடை மறைச்சு வெச்ச இன்னொரு கிட்டத்தட்ட 200 பேருக்கு யார் சரியா சொல்றீங்கன்னு கேட்டாங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டீம் 195க்கு 119 பாயின்ட் எடுத்து ஜெயிச்சாங்க. ஆனா கனடாவுல அல்பெர்ட்டா யுனிவர்சிட்டி டீம் 124 எடுத்திருந்தாங்க, அவங்களுக்கு ஏன் பரிசு குடுக்கலன்னா, கடைசியா அவங்க குடுத்த விடையில ஸ்கேனையே தொடல, அந்த வயசு, ஐக்யூ விவரத்த மட்டும் வெச்சு சொல்லிட்டாங்க. மூளைய படம் புடிக்கற போட்டியில மூளைய பாக்காதவன் முதல் மார்க்! எனக்கு இந்த துறையில புடிச்ச கதை இதுதான். அவங்க ஒண்ணும் குறும்புக்கு பண்ணல, ஸ்கேனையும் சேத்துப் பாத்தாங்க, சேத்தா மார்க் குறைஞ்சுது, அதனால விட்டுட்டாங்க.

அந்த அப்பாகிட்ட "நிரூபிக்க" போகாதீங்க. எந்த நேரத்துல எழுந்திரிக்கறான், எந்த பாடத்துல உக்காரறான், பக்கத்துல யார் இருந்தா அமைதியா இருக்கான்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதி குடுங்க. குழந்தை மனநல டாக்டர் முதல்ல கேக்கறதே அதத்தான், வீட்டுலயும் இப்படியா ஸ்கூல்ல மட்டுமான்னு கேப்பாங்க. காதும் கண்ணும் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, போர்டு தெரியாம எழுந்து வர்ற பசங்களும் உண்டு.

ஓசூர்ல இருந்து ஒரு கணவன் மனைவி: எங்க முதல் பொண்ணுக்கு ஆட்டிசம். இப்ப ரெண்டாவது குழந்தை வயித்துல, அஞ்சு மாசம். அமெரிக்காவுல ஆறு மாச குழந்தைக்கே ஸ்கேன்ல கண்டுபுடிக்கறாங்களாமே, அத இங்க பண்ண முடியுமா? எவ்வளவு செலவானாலும் பரவால்ல.

நீங்க கேள்விப்பட்டது நிஜம். ஐபிஸ்னு ஒரு அமெரிக்க கூட்டமைப்பு, அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கற கைக்குழந்தைங்கள 6 மாசத்துலயும் 12 மாசத்துலயும் தூங்கும்போது எம்ஆர்ஐ எடுத்து, 2 வயசுல நேர்ல பாத்து யாருக்கு ஆட்டிசம்னு முடிவு பண்ணி, அப்புறம் பின்னோக்கி போய் ஸ்கேன்ல வித்தியாசம் தேடினாங்க. 2017ல வெளிவந்த ரிசல்ட் என்னன்னா, பின்னால ஆட்டிசம்னு தெரிஞ்ச குழந்தைங்களுக்கு அந்த 6லிருந்து 12 மாசத்துக்குள்ள மூளையோட மேற்பரப்பு வேகமா விரியுது. இந்த மாதிரி 106 குழந்தைங்கள வெச்சு கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொன்னதுல, 'வரும்'னு சொன்ன நூறுல 81 குழந்தைக்கு வந்துச்சு, வந்த நூறுல 88ஐ புடிச்சுது. அதே வருஷம் இன்னொரு பேப்பர், 59 குழந்தைங்க, 6 மாசத்துலயே மூளைத் தொடர்புகள பாத்து, பின்னால ஆட்டிசம்னு ஆன 11 பேர்ல 9 பேர கரெக்டா சொல்லுச்சு, மீதி 48ல ஒருத்தர கூட தப்பா சொல்லல. நான் படிச்சதுல உருப்படியான முடிவு இதுங்கதான், ஏன்னா இங்க மெஷின் ஏற்கனவே தெரிஞ்சத திருப்பி சொல்லல, யாருக்கும் தெரியாதத முன்னாடியே சொல்லப் பாக்குது.

ஆனா கணக்க கொஞ்சம் பொறுமையா பாருங்க. நூறுல 80 பேர புடிக்கற, ஆட்டிசம் இல்லாத நூறுல 20 பேர தப்பா 'இருக்கு'ன்னு சொல்ற ஒரு மெஷின் இருக்குன்னு வெச்சுக்கலாம். பொதுவா ஆயிரம் குழந்தைங்கள எடுத்தா, அமெரிக்க கணக்குப்படி 30 சொச்சம் பேருக்கு ஆட்டிசம், 30ன்னே வெச்சுக்குவோம். மெஷின் அதுல 24ஐ புடிக்கும், நல்லது. மீதி 970ல 194 பேர தப்பா சொல்லும். ஆக 'இருக்கு'ன்னு கேட்டு கதறின 218 குடும்பத்துல நிஜமா இருக்கறது 24, ஒம்போதுல ஒண்ணு. இதே மெஷின உங்க வீடு மாதிரி, மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கற ஆயிரம் குழந்தைங்ககிட்ட கொண்டு போனா அங்க 200 பேருக்கு வர வாய்ப்பு இருக்கு, இந்த 20 சதவீதம் பல ஆராய்ச்சியில வந்த கணக்கு, அப்ப 160ஐ சரியா சொல்லும், 160ஐ தப்பா சொல்லும், ரெண்டுல ஒண்ணு. மெஷின் மாறல, யார்கிட்ட கொண்டு போறோம்ங்கறதுதான் மாறுச்சு. ஐபிஸ்காரங்க அதுக்காகத்தான் இந்த குடும்பங்கள மட்டும் எடுத்தாங்க, ஊருக்கெல்லாம் இந்த டெஸ்ட் எடுக்கலாம்னு அவங்க சொல்லல.

இப்போதைக்கு இது ஆராய்ச்சியில மட்டும் இருக்கு, காசு கட்டி ரிப்போர்ட் வாங்கற டெஸ்ட்டா யாராவது உங்ககிட்ட வித்தா வாங்காதீங்க. அந்த 20க்கு மறுபக்கம் 80 இருக்குங்கறதையும் சேத்து நினைங்க. குழந்தை பொறந்ததும் டெவலப்மென்டல் டாக்டர்கிட்ட ரெகுலரா காட்டிட்டு வாங்க, ஒம்போது மாசம், பன்னெண்டு மாசம்னு, கண்ண பாக்குதா, பேர் கூப்பிட்டா திரும்புதா, விரல் நீட்டி காட்டுதான்னு. ஏதாவது தாமதம் தெரிஞ்சா பேருக்காக காத்திருக்காம அன்னிக்கே விளையாட்டு வழியா பயிற்சி ஆரம்பிச்சுடலாம், மூத்த பொண்ணால உங்களுக்கு அதுல பாதி ஏற்கனவே தெரியும். நல்லபடியா பிரசவம் ஆகட்டும்.

சேலத்துல இருந்து ஒரு அப்பா: இங்க ஒரு சென்டர்ல தலையில தொப்பி மாட்டி "ப்ரைன் மேப்பிங்" எடுத்து, கலர் கலரா படம் போட்டு, பையனுக்கு ஏடிஹெச்டி, இந்த இடம் சிவப்பா இருக்கறதுதான் காரணம்னு சொல்லி, சரி பண்ண 40 சிட்டிங் பேக்கேஜ் சொன்னாங்க. ரிப்போர்ட்ல ஏஐ அனாலிசிஸ்னு வேற போட்டிருக்கு. பாதி பணம் கட்டிட்டேன்.

மீதி பாதிய கட்டாதீங்க.

அந்த தொப்பி இஇஜி, மூளையோட மின் அலைகள பதிவு பண்ற டெஸ்ட். வலிப்பு நோய்க்கு அது உயிர் காக்கற டெஸ்ட், அதுல சந்தேகமே இல்ல. ஏடிஹெச்டிக்கு இஇஜிய வெச்சு அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2013ல ஒரு கருவிக்கு அனுமதி குடுத்துச்சு, மூளையோட மெதுவான தீட்டா அலைக்கும் வேகமான பீட்டா அலைக்கும் உள்ள விகிதத்த பாக்கறது. ஆனா டாக்டர் முழுசா பரிசோதிச்சு பாக்கறப்ப கூட ஒரு துணையாதான், தனியா முடிவு சொல்ல இல்ல. 2016ல அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் சங்கமே இந்த விகிதத்த வெச்சு ஏடிஹெச்டின்னு சொல்லாதீங்க, தப்பா முத்திரை குத்தற ஆபத்து இருக்குன்னு அறிக்கை விட்டுச்சு. சிவப்பு, நீலம் எல்லாம் சாஃப்ட்வேர் போடற கலர், எந்த அளவுக்கு மேல சிவப்புன்னு சாஃப்ட்வேர் பண்ணவங்க முடிவு பண்றது. பையன் கண் சிமிட்டினாலும் நெத்திப்பக்கம் அலை மாறும், தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் மாறும்.

ரெண்டு கேள்வி கேட்டு பாருங்க அங்க: ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது யாரு, அவர் என்ன படிச்சிருக்கார்? என் பையன எந்த வயசு, எத்தனை குழந்தைங்களோட ஒப்பிட்டு சிவப்புன்னு சொல்றீங்க? பதில் வரலன்னா அங்கயே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, இந்த மாதிரி இடங்கள்ல அடுத்து ஸ்டெம் செல்னு ஆரம்பிப்பாங்க, ஆட்டிசத்துக்கு அத சிகிச்சையா குடுக்கக் கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு.

மயிலாப்பூர் வாசகர்: ஐஐடி மெட்ராஸ்ல கருவுல இருக்கற குழந்தையோட மூளைய 3டியில படம் எடுத்துட்டாங்களாமே, அப்ப வயித்துலயே ஆட்டிசம் தெரிஞ்சிடுமா?

தெரியாதுங்க. 2024 டிசம்பர்ல அவங்க வெளியிட்ட 'தரணி' தொகுப்பு, நாலுல இருந்து ஆறு மாச வளர்ச்சியில இருந்த கருவோட மூளைய, உயிரோட இருக்கற குழந்தையோடது இல்ல, மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல ஸ்கேன் பண்ணது, மொத்தம் 5132 சீவல். செல் அளவுக்கு போய் பாக்கலாம், உலகத்துல யார் வேணாலும் இலவசமா. இது டெஸ்ட் இல்ல, மேப். வளர்ச்சிக் குறைபாடுகள ஆராயறவங்களுக்கு சாதாரணமா எப்படி வளருதுன்னு முதல்ல தெரியணுமே, அதுக்கு. பெருமைப்பட வேண்டிய வேலை, நம்மூர் நியூஸ் சேனல்தான் வழக்கம் போல நாலு படி தாண்டி சொல்லிடுச்சு.

நாகர்கோவில்ல இருந்து ட்யூஷன் எடுக்கறவங்க: எழுத்துக் கூட்டிப் படிக்க திணறற பசங்களுக்கும் இந்த ஸ்கேன், ஏஐ எல்லாம் உதவுமா?

உங்க கேள்விக்குத்தான் எனக்கு கொஞ்சம் நம்பிக்கையோட பதில் சொல்ல முடியுது. இந்த மாதிரி வாசிக்கறதுல வர்ற குறைபாடு, டிஸ்லெக்சியா, இருக்கான்னு கண்டுபுடிக்க ஸ்கேன் தேவையில்ல, படிக்க வெச்சு பாத்தாலே தெரியும். ஆனா எந்த குழந்தை தானா தேறி வரும், எந்த குழந்தைக்கு வேற மாதிரி சொல்லிக்குடுக்கணும்? ஸ்டான்ஃபோர்டுல 2011ல டிஸ்லெக்சியா இருக்கற 25 பசங்களையும் இல்லாத 20 பசங்களையும் ஸ்கேன் பண்ணி, ரெண்டரை வருஷம் கழிச்சு திரும்ப படிக்க வெச்சாங்க. யார் முன்னேறுவாங்கன்னு ஆரம்பத்துல வெச்ச வாசிப்பு டெஸ்ட் எதாலயும் சொல்ல முடியல. ஸ்கேன கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தா 90 சதவீதத்துக்கு மேல சொல்லிருச்சு. வலது பக்க மூளைய கூடுதலா பயன்படுத்தின பசங்கதான் மேல வந்தாங்க. சின்ன ஆராய்ச்சிதான், இங்கிலீஷ் படிக்கற பசங்கதான், நம்ம பசங்களுக்கு அப்படியே எடுத்துக்க முடியாது. இருந்தாலும் கேட்ட கேள்வி சரி. 'இவனுக்கு என்ன பேர் வைக்கலாம்'னு கேக்காம 'இவனுக்கு அடுத்து என்ன பண்ணலாம்'னு மெஷின்கிட்ட கேட்டது.

பாண்டிச்சேரி வாசகர்: எல்லாத்தையும் இல்ல இல்லன்னே சொல்றீங்க. ஏஐ வேஸ்ட்டுன்னு சொல்ல வர்றீங்களா?

ஐயோ, இல்லங்க. எம்ஆர்ஐயில சமிக்ஞை இருக்கு, அத மறுக்கல. பிரான்ஸ்ல ஒரு சர்வதேச போட்டி நடத்தி 2000 பேருக்கு மேல ஸ்கேன் குடுத்து, 146 பேர் கலந்துக்கிட்டு, விடைய கடைசி வரைக்கும் மறைச்சு வெச்சு திருத்தினாங்க, ரிசல்ட் 2022ல முழுசா வந்துச்சு. ஒரு ஆட்டிசம் ஆளையும் இல்லாத ஆளையும் பக்கத்துல நிறுத்தினா பத்துக்கு எட்டு தடவ எது யாருன்னு முதல் பத்து மாடலும் சொல்லும், வெளியில இருந்து புதுசா ஒரு தொகுப்ப கொண்டு வந்தா அது ஏழுக்கு பக்கமா இறங்கிடுச்சு. ஆள் எண்ணிக்கை ஏற ஏற மார்க்கும் ஏறுதுன்னும் பாத்தாங்க. ஆனா இதெல்லாம் ஆட்டிசம் ஆமா இல்லன்னு தெளிவா தெரிஞ்ச ரெண்டு கூட்டம். டாக்டர்கிட்ட வர்ற குழந்தை அப்படி வராது, பேச்சு தாமதம், காது கேக்கல, பயந்த சுபாவம், அறிவு வளர்ச்சி குறைவு, ஏடிஹெச்டி எல்லாம் கலந்து கட்டி வரும், ரெண்டு மூணு சேந்தும் வரும். அதோட மெஷினுக்கு விடைன்னு நாம குடுக்கறதே டாக்டர் நேர்ல பாத்து போட்ட முடிவுதான். டாக்டர் முடிவு செய்யறத பாத்து கத்துக்கிட்ட மெஷின் எப்படிங்க டாக்டருக்கு மேல போகும்?

அமெரிக்காவுல 2021ல எஃப்டிஏ அனுமதிச்ச முதல் ஏஐ ஆட்டிசம் கருவி ஸ்கேனே கேக்கறதில்ல. அம்மா அப்பா பதில் சொல்ற கேள்விகள், வீட்டுல ஃபோன்ல எடுத்த வீடியோ, டாக்டர் நிரப்பற ஒரு படிவம், அவ்வளவுதான். 425 குழந்தைங்ககிட்ட சோதிச்சப்ப மூணுல ரெண்டு பங்கு பேருக்கு "என்னால சொல்ல முடியல"ன்னு கைய விரிச்சிடுச்சு, பதில் சொன்னது மீதிப் பேருக்கு மட்டும். நிறைய பேர் இத கிண்டல் பண்ணாங்க, எனக்கு என்னமோ இந்த குணம்தான் அந்த கருவியில ரொம்ப புடிச்சது.

வேலூர்ல இருந்து ஒரு அம்மா: எங்க பொண்ணுக்கு 9 வயசு, ஆட்டிசம். ஒரு ஆராய்ச்சிக்காக அவள ஸ்கேன் எடுக்கலாமான்னு கேக்கறாங்க. ஃப்ரீதான்னாங்க. ஒத்துக்கலாமா?

ஒத்துக்கலாம், எனக்கு கேட்டா நம்மூர் குழந்தைங்க இந்த தொகுப்புகள்ல வரணும். ஆனா சில விஷயம் கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா? ஆராய்ச்சிக்காக மட்டும் மயக்க மருந்து குடுப்பாங்களா, குடுப்போம்னா நான் அனுப்ப மாட்டேன். எம்ஆர்ஐன்னா கதிர்வீச்சு கிடையாது, பெட் ஸ்கேன்னு சொன்னா அதுல உண்டு, எதுன்னு பேர் கேளுங்க. தற்செயலா கட்டி கிட்டி ஏதாவது தெரிஞ்சா யார் உங்களுக்கு சொல்லுவாங்க? டேட்டாவ வெளிய பகிரும்போது பேர மட்டும் எடுத்தா பத்தாது, தலை எம்ஆர்ஐயில இருந்து முகத்த அப்படியே 3டியில திருப்பி வரைய முடியும், அதனால முகப்பகுதிய சாஃப்ட்வேர் வெச்சு அழிச்சுட்டுதான் போடணும், அத செய்வீங்களான்னு கேளுங்க, கேட்டதும் அவங்க உங்கள பாக்கற பார்வையே மாறும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) விதிப்படி 7 வயசுக்கு மேல குழந்தைகிட்டயும் வாய்மொழியா சம்மதம் கேக்கணும். உங்க பொண்ணு பேச மாட்டான்னா படம் காட்டி கேக்க சொல்லுங்க, முதல்ல அந்த டம்மி ஸ்கேனர்ல பத்து நிமிஷம் படுக்க வெச்சு பாக்க சொல்லுங்க. அவ எழுந்து வந்து செருப்ப மாட்டிக்கிட்டு கதவுகிட்ட போய் நின்னான்னா அதுவும் பதில்தான், வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடுங்க.